பசித்த பேய்கள்

பேய் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே சிறுவர் தாயின் முந்தானையைப் பற்றுவர். பெரியோரும் இருட்டில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பர். நம் புலவர் பலரும் பேயை அச்சத்திற்குரிய பொருளாகவே பாடியுள்ளனர். திருமுருகாற்றுப்படையில் போர்க்களத்தில் துணங்கைக் கூத்தாடும் பேய்மகளைக் காண்கிறோம். அவளைக் கண்டு நகைப்பார் ஒருவரும் இலர். காரைக்காலம்மையார் ஆலங்காட்டில் இறைவன் ஆடும் சுடுகாட்டைப் பாடும்பொழுது, அங்கே திரியும் பேய்களையும் பாடினார். அவையும் உள்ளத்தை நடுங்கச் செய்வனவே. இந்தப் பேய்களை அழைத்து வந்து, அவற்றிற்குப் பசியும், ஆசையும், நாணமும், விருந்தோம்பும் பண்பும் கொடுத்து, படிப்போர் வயிறு குலுங்க நகைக்கும்படி ஒரு காவியத்தையே அவற்றின் கையில் ஒப்படைத்த புலவர் ஒருவர் உண்டு. அவர்தாம் சயங்கொண்டார்; அவர் பாடிய நூல் கலிங்கத்துப் பரணி.

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரன்மேல் பாடப்படுவது பரணி என்று பாட்டியல் நூலார் கூறுவர். பரணி என்பது காளிக்குரிய நாள்மீன். அந்நாளில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்டு ஆடும் என்பது கவிஞர் மரபு. வென்றவன் புகழைப் பாடினாலும், நூலின் பெயர் தோற்றவனைச் சார்ந்தே வரும். 1070ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதற் குலோத்துங்க சோழன், இருமுறை திறை செலுத்தத் தவறிய கலிங்க வேந்தன் அனந்தவர்மன்மேல் படை ஏவினான். கருணாகரத் தொண்டைமான் அப்படைக்குத் தலைமை தாங்கிச் சென்று வென்றான். இது நிகழ்ந்தது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தோற்றோடியதாகப் பாடப்பெற்ற அனந்தவர்மன் அதன் பின்னரும் நெடுங்காலம் நாடாண்டான் என்பதும், பூரியில் சகந்நாதர் பெருங்கோயிலை எழுப்பத் தொடங்கியவன் அவனே என்பதும் வரலாறு கூறும் செய்திகள். பரணி அவற்றைக் கூறாது. கூறவும் அதற்குக் கடமையில்லை.

ஏறக்குறைய 600 தாழிசைகள் கொண்ட இந்நூலில் குலோத்துங்கனும் கருணாகரனும் வரும் இடங்கள் சிலவே. தொடக்கத்திலிருந்து இறுதி வரையில் நம்மோடு இருப்பன பேய்களே. அரசன் பாட்டுடைத் தலைவன்; ஆனால் கதைத் தலைமையோ பேய்களுக்கு உரியது. அவை பசியால் வாடுகின்றன, வழி தேடுகின்றன, ஏமாறுகின்றன, குறி கேட்கின்றன, செய்தி வந்ததும் துள்ளுகின்றன, களத்திற்குச் சென்று உண்டு களிக்கின்றன. நூலின் கதை இவ்வளவே.

முதலில் அவை வாழும் காட்டைக் காண வேண்டும். வெயிலால் வெந்து கிடக்கும் பாலை அது. அங்கே நிலையாக நிற்கும் நிழல் ஒன்றும் இல்லை. வானில் பறக்கும் பருந்தின் நிழல் மட்டுமே தரையில் ஓடுகிறது. அதுவும் வெப்பத்துக்கு அஞ்சி ஓடுவதுபோல் தோன்றுகிறதாம். இத்தகைய காட்டின் நடுவே காளியின் கோயில். அதைச் சுற்றிப் பேய்கள்.

அப்பேய்களின் வடிவத்தைப் புலவர் சொல்லும் அழகே தனி. கையும் காலும் கருத்த நெடிய பனைமரக் காடு. உடம்போ எலும்பை நரம்பால் கட்டி வைத்த விறகுச் சுமை. வாய் குகையோடு வழக்காடும்; ஆனால் அதற்குள் போடத்தான் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு மேலே மூன்று முழம் உயர்ந்து நிற்கும். காதுக்குள் ஆந்தை பதுங்கியிருக்க, வௌவால்கள் புகுந்து உலாவும். இன்று இருப்பதைவிட நாளை மெலிவதே அவற்றின் வளர்ச்சி. இவ்வாறு அடுக்கிக்கொண்டே வரும் புலவர், பேய்க் குழவிகளைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். உயர்ந்த மூங்கிலைக் காணும்பொழுதெல்லாம் அக்குழவிகள் அதைத் தம் தாயென்று எண்ணி, 'அம்மா' என்று அழைக்கின்றனவாம்! தாய் எவ்வளவு நெடியவள், எவ்வளவு மெலிந்தவள் என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலுமோ? நாம் நகைக்கிறோம். நகைத்த மறுகணமே, தாயைத் தேடும் பசித்த பிள்ளை நம் கண்முன் நிற்கிறது. பேயின்மேல் இருந்த அச்சம் அவ்விடத்திலேயே நீங்கிவிடுகிறது.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்பது தொல்காப்பியர் கொள்கை. மூங்கிலை அன்னை என்ற குழவியிடம் இளமை பற்றிய நகை பிறந்தது. பேதைமை பற்றிய நகைக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர், 'இந்திரசாலம்' என்னும் பகுதியைப் படிக்க வேண்டும். முன்னொரு காலத்தில் ஏதோ பிழை செய்து, காளிக்கு அஞ்சி இமயமலைக்கு ஓடிப்போன முதுபேய் ஒன்று, அங்கே மாயவித்தைகளைக் கற்றுத் திரும்பி வருகிறது. பிழை பொறுக்குமாறு வேண்டி, தான் கற்றவற்றைத் தேவியின் முன் செய்து காட்டுகிறது. உடனே வெட்டுண்ட யானைத் தலைகள் தோன்றுகின்றன; குருதி ஆறு பெருகி ஓடுகிறது; எங்கும் பிணக்குவியல். தேவிக்கு இது வேடிக்கை. சூழ நின்ற பேய்களுக்கோ பசி! அவை பாய்ந்து விழுகின்றன. இல்லாத குருதியை வெறுங்கையால் முகந்து முகந்து குடிக்கின்றன. இல்லாத தசையைக் கடித்து வெறும் வாயை மெல்லுகின்றன. ஒன்றும் அகப்படாது இளைத்துப்போய், 'இனியும் இந்த வித்தையைக் காட்டினால் நாங்கள் பிழையோம். நிறுத்தச் சொல்லுக' என்று தேவியிடம் முறையிடுகின்றன. விருந்தின் படத்தைக் காட்டி வயிற்றை நிரப்ப முயல்வது எக்காலத்தும் உள்ள வித்தையே. ஆயினும் அதற்கு ஆட்பட்டவரின் நிலையை இவ்வளவு நகைச்சுவையோடு கூறியவர் அரியர்.

பின்னர் முதுபேய் தான் இமயத்தில் கண்ட சோழர் வரலாற்றைச் சொல்கிறது. கரிகாலன் அம்மலையில் எழுதிவைத்தான் என்று சொல்லி, அரச பரம்பரையை முதல் முறையாக ஒப்பிக்கிறது. சோழனைப் புகழ வேண்டியவர் அவைக்களப் புலவர். அவர் தாமே புகழ்ந்தால் அதனைப் பரிசில் நோக்கிய முகமன் என்று பிறர் கருதக்கூடும். ஆதலின் புகழ்மொழியைப் பேயின் வாயில் வைத்துவிட்டார். சோழன் வென்றால் கூழ் உண்டு. தோற்றாலும் களம் உண்டு. பேய்க்கு யாரிடத்தும் அச்சமில்லை. அவையோரும் அதைக் கேட்டு நகைத்திருப்பர். அரசனும் நகைத்திருப்பான் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இதற்கிடையில் கலிங்கத்திலிருந்து ஒரு பேய் ஓடி வந்து போர்ச் செய்தியைக் கூறுகிறது. சந்தம் மாறி மாறி ஒலிக்கும் அப்போர்ப் பாட்டை வாய்விட்டுப் படித்தால் குதிரைக் குளம்பும் வாளின் மோதலும் செவியிற் கேட்கும். உரைநடையில் அதைச் சொல்ல இயலாது. ஆனால் தோற்ற வீரர் ஓடிய செய்தி சொல்லத்தக்கது. சிலர் வில்லை எறிந்துவிட்டு, அதன் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு, 'யாம் கங்கையாடப் போந்தவர். விதிவயத்தால் இவ்விடத்தில் அகப்பட்டோம்' என்றனராம். சிலர் தலைமயிரைப் பறித்துக்கொண்டு அமணர் என்றனர். சிலர் துவராடை தரித்த சாக்கியர் என்றனர். இன்னும் சிலர், யானையின் மணிகளைக் கழற்றித் தாளமாகக் கையில் ஏந்தி, 'யாம் பாணர். படை மடிந்த இக்களத்தைக் கண்டு திகைத்து நிற்கிறோம்' என்றனர். எள்ளல் பற்றிய நகை இது. மானத்தைப் பேசும் மனிதர் உயிருக்கு அஞ்சி வேடம் பூணுகின்றனர். பேய்களோ இந்நூலில் ஓரிடத்திலும் தம்மை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளவில்லை. பசி என்றால் பசி என்றே சொல்கின்றன.

செய்தி கேட்ட காளி பேய்களோடு களத்துக்குச் செல்கிறாள். 'காண்மின், காண்மின்' என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுகிறாள். இங்கேதான் நகைத்துவந்த நம்மைப் புலவர் ஒரு கணம் நிறுத்திவிடுகிறார். களத்தில் பெண்கள் வந்து நிற்கின்றனர். ஒருத்தி, தன் கணவன் உடலை நிலமகளும் தீண்டலாகாது என்று தன் கைகளால் தாங்கிக்கொண்டு, வானுலக மகளிர் அவன் உயிரைச் சேருமுன் தானும் உயிர்விடுகிறாள். மற்றொருத்தி கணவன் கிடக்கும் இடம் தெரியாது அலைகிறாள். அவள் யாரைக் கேட்பாள்? களத்தில் உயிரோடு இருப்பவர் எவரும் இலர். ஆகவே பிணம் தின்னும் இடாகினியையே அணுகி, 'என் கணவர் கிடந்த இடம் எது?' என்று கேட்கிறாள். இடாகினி கூறிய விடையைப் புலவர் பாடவில்லை.

சயங்கொண்டார் போரை வெறுத்தவர் என்று நான் கூறத் துணியேன். அவர் வென்ற வேந்தனின் புலவர். வெற்றியைப் பாடவே எழுதுகோல் எடுத்தவர். ஆயினும் அப்பெண்ணின் கேள்வியை அவர் விலக்கிவிடவில்லை. பேய்களின் உணவு எவருடைய உடல் என்பதை, உணவு சமைப்பதற்குச் சற்று முன்னர் நமக்கு நினைவூட்டிவிட்டே மேலே செல்கிறார்.

பின்பு சமையல் தொடங்குகிறது. பேய்கள் முதலில் தூய்மை செய்துகொள்கின்றன! யானையின் தந்தத்தால் பல்லை விளக்குகின்றன. அதன் விலாவெலும்பால் நாக்கை வழிக்கின்றன. அம்பு முனையால் நகம் களைகின்றன. குருதி ஆற்றில் நீராடுகின்றன. வீரர்களின் பற்களே அரிசி, முரசமே உரல், யானைக் கொம்பே உலக்கை. உலக்கை போடும்போது நம் பெண்டிர் வள்ளைப்பாட்டுப் பாடுவதுபோல் அவையும் சோழன் புகழைப் பாடிக் குற்றுகின்றன. பொருள்கள் எல்லாம் அருவருப்புக்கு உரியன. செயல்கள் எல்லாம் நம் வீட்டுச் செயல்கள். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்ததனால், படிப்பவர் முகம் சுளிக்கவும் முடியாமல் நகைக்காதிருக்கவும் முடியாமல் தடுமாறுகின்றனர்.

கூழ் வார்க்கும் காட்சியில் ஊரே கூடிவிடுகிறது. கண் தெரியாத பேய்க்கு வார்க்கச் சொல்லுகின்றனர். ஊமைப் பேய் கையால் குறிகாட்டிக் கேட்கிறது. கருவுற்ற பேய்க்குத் தனிப் பரிவு. மூடப்பேய் ஒன்று உண்கலத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மடன் பற்றிய நகையும் நிறைந்தது! இன்று கூழ் கிடைக்கும் என்று கனவு கண்டு சொன்ன பேயையும் அவை மறக்கவில்லை, அதற்கும் வார்க்கின்றன. அயலூரிலிருந்து வந்த விருந்துப் பேய்களுக்கும் குறைவில்லை. எத்தனையோ நாள் பட்டினி கிடந்தவை, கூழ் கிடைத்த அன்று முண்டியடித்துத் தாமே உண்ணாமல், இயலாதவர்க்கும் விருந்தினர்க்கும் வார்க்கின்றன. இப்பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் எழும் நகைப்பு இந்த இடத்தில் சற்றே அடங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

உண்டபின் தாம்பூலம் வேண்டுமன்றோ? குதிரையின் காதுச் சுருள் வெற்றிலை. அதன் கால் எலும்பின் பிளவு பாக்கு. மாண்ட கலிங்கரின் கண்மணி சுண்ணாம்பு. மடித்துத் தின்று, மேலாடையை வீசி ஆடி, காவிரி நாடனைப் பேய்கள் வாழ்த்துகின்றன. அவ்வாழ்த்தொலியைத் தொடர்ந்தே நூலின் இறுதி வாழ்த்தும் வருகிறது. எல்லோரும் மகிழ்ந்திருக்க வேண்டும், அறம் எங்கும் நிலைபெற வேண்டும், மேகம் மழையைச் சுரக்க வேண்டும் என்பன அதன் கருத்து. இறுதி வாழ்த்தைப் பாடுவது புலவரா, பேய்களா என்று பிரித்துக் காண இயலாதவாறு அது அமைந்துள்ளது. பேய்களின் வாய்மொழியாகவே கொண்டு படிப்பது எனக்கு உவப்பு. மழை பெய்து, அறம் தழைத்து, எல்லோரும் மகிழ்ந்திருக்கும் நாட்டில் போர் ஏது? போர் இல்லையேல் கூழ் ஏது? வயிறு நிறைந்து வாழ்த்திய அப்பேய்கள் இதனை எண்ணிப் பார்த்தனவாகத் தெரியவில்லை.