தன்னை ஆளும் திறன்

குதிரைகள் எத்துணை வலியவாயினும், பாகன் இல்லாத தேர் ஊர் சென்று சேர்வதில்லை. மனிதனுடைய அறிவுக்கும் ஆசைக்கும் அத்தகைய பாகன் ஒருவன் வேண்டும். கேட்டதை நினைவில் இருத்தல், எழும் வேட்கையை அடக்குதல், நிலைமைக்கேற்ப எண்ணத்தை மாற்றுதல் என்னும் மூன்றும் கூடியதே அப்பாகன் தொழில். இதனை உளநூலார் செயலாட்சித் திறன் என்பர். இதற்குப் பெரிதும் துணைபுரிவது மூளையின் முற்பகுதி. அப்பகுதி மெல்ல மெல்ல வளர்ந்து, இருபது வயதைக் கடந்த பின்னரே முழுமுதிர்ச்சி எய்துகிறது.

இவ்வளர்ச்சியைச் சீட்டு விளையாட்டு ஒன்றால் அறியலாம். சிவப்பிலும் நீலத்திலும் முயலும் படகும் வரைந்த சீட்டுகளைக் குழந்தையிடம் தந்து, முதலில் நிறத்தால் பிரிக்கச் சொல்வர். பின்பு உருவத்தால் பிரிக்கச் சொல்வர். மூன்று வயதுக் குழந்தைகளுள் பலர் புதிய விதியை வாயால் பிழையின்றிக் கூறுவர். ஆயினும், அவர்தம் கையோ பழைய வழியே செல்லும். ஐந்து வயதினர் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. ‘சொல்லியும் கேட்கவில்லையே!’ என்று சிறு குழந்தையை அடிக்கக் கை ஓங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குழந்தை கேட்டது, அறிந்தும் கொண்டது, அறிந்தவாறு செய்யும் ஆற்றலே இன்னும் முதிரவில்லை.

அமெரிக்க நாட்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்ட்டர் மிஷெல் என்னும் அறிஞர், 1960-களின் பிற்பகுதியில் குழந்தைகளின் பொறுமையை ஆராய்ந்தார். உடனே உண்டால் சிறு தின்பண்டம். காத்திருந்தால் அதனினும் சிறந்த பரிசு. பண்டத்தையே நோக்கியிருந்த குழந்தைகள் விரைவில் தளர்ந்தனர். கண்களை மூடியும் பாட்டுப் பாடியும் மனத்தை வேறிடம் திருப்பியோர் நெடுநேரம் பொறுத்தனர்.

ராச்செஸ்ட்டர் பல்கலைக்கழகத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைப் புலப்படுத்தியது. அங்கு 28 குழந்தைகளுக்கு முதலில் நல்ல வண்ணப் பொருள்கள் தருவதாகக் கூறினர். ஒரு சாராருக்குச் சொன்னவாறே தந்தனர். மற்றொரு சாராருக்குத் தரவில்லை. அதன்பின் இனிப்பை வைத்துக் காத்திருக்கச் சொன்னபோது, ஏமாற்றம் அடைந்தோர் சராசரியாக 3 நிமிடமே பொறுத்தனர்; சொல் காக்கப்பெற்றோரோ 12 நிமிடம் பொறுத்தனர். வாக்குப் பொய்க்கும் இடத்தில் காத்திருப்பதால் பயன் என்ன என்று குழந்தைமனம் கணக்கிட்டது போலும்!

ஆதலின், பொறுமையற்ற குழந்தையைத் தீய குழந்தை எனக் கூறுதல் தகாது. ‘நாளை வாங்கித் தருகிறேன்’ என்று கூறிய தந்தை நாளை வாங்கித் தருதல் வேண்டும். குழந்தையின் பொறுமைக்கு நீர் வார்ப்பது பெரியோரின் வாய்மையே ஆகும்.