நாசிப் பாதை



பிட்யூட்டரிக் கட்டியை மூக்கு வழியாக எடுத்த ஒரு நோயாளியைப் பற்றித் தம்பி எழுதிய கட்டுரையை இதை எழுதுபவர் மூன்று முறை படித்தார். மூன்று முறையும் ஒரே வரியில்தான் போய் முட்டிக்கொண்டார்: “காது மூக்கு தொண்டைக் குழுவினரால் நாசிப் பாதை அமைக்கப்பட்டது.” கட்டிக்கு இரண்டு பக்கம், மூக்குக்கு ஒரு வரி. அதுவும் எழுதியவர் மூக்கு மருத்துவர்!

1907-ல் இன்ஸ்புருக்கில் ஷ்லோஃபர் முதன்முதலாக இந்தப் பக்கமாகப் பிட்யூட்டரியை எட்டியபோது, மூக்கையே வெட்டிப் புரட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். 1910-ல் வியன்னாவில் ஆஸ்கர் ஹிர்ஷ், முகத்தில் கத்தி படாமல், மரத்துப்போகும் மருந்தை மட்டும் கொடுத்து, நாசித் துளை வழியாகவே அதைச் செய்துகாட்டினார். ஹிர்ஷ் மூக்கு மருத்துவர். 1990-களில் பிட்ஸ்பர்க்கில் எண்டோஸ்கோப்பை வைத்துப் பிட்யூட்டரி அறுவைக்குப் புது வடிவம் கொடுத்தபோதும், ஜோ என்ற நரம்பியல் அறுவை மருத்துவரோடு கராவ் என்ற மூக்கு மருத்துவர் ஒரே மேசையில் நின்றார். அந்த வழியில் வந்தவர், தம் கட்டுரையில் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பானேன்?

ஆனால் கட்டுரையின் அந்த மூன்றாவது படம்! மூக்குக்குப் பின்னே உள்ள ஸ்பீனாய்டு சைனஸின் எலும்பு விளிம்பைச் சுற்றிலும் சளிச்சவ்வை ஒரு துணுக்குகூட மிச்சமில்லாமல் உரித்தெடுத்து, அதன்மேல் ஃபிளாப் என்னும் சளிச்சவ்வுத் துண்டை மடிப்பில்லாமல் படியவைத்திருக்கிறார் தம்பி. அடியில் சவ்வு தங்கினால் அது சளி சுரந்து நாளடைவில் மியூகோசீல் என்னும் சளிப்பையாக வீங்கும் என்பதைப் பலர் படித்திருப்பார்கள். கையால் உணர்ந்து செய்பவர்கள் குறைவு. இப்படியொரு மூடுதலை இதை எழுதுபவர் தம் வேலைக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

அந்த ஃபிளாப் எங்கிருந்து வந்தது? மூக்கின் நடுச்சுவரிலிருந்து. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து ஹதாத், பசகாஸ்டெகி இருவரும் வகுத்து, பிட்ஸ்பர்க் குழுவோடு சேர்ந்து 2006-ல் வெளியிட்ட முறை அது. ரத்தக்குழாய் அறாமல் உயிரோடு திருப்பிப் போடுவதால்தான் மூளைத் தண்டுவட நீர் கசியாமல் அது பிடித்துக்கொள்கிறது. ஆனால் உரித்த சுவர் வெறும் குருத்தெலும்பாக நிற்கும். வாரக்கணக்கில் பொருக்குத் தட்டும். ஃபிளாப்பை எடுக்கும் மேல்வெட்டு, மூக்கின் உச்சியிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். முகரும் நரம்பிழைகள் அங்கேதான் இறங்குகின்றன. தம்பி வெட்டிய உயரம் எவ்வளவு? கட்டுரையில் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார், இட்லிக்கடை நடத்துபவர். கட்டியால் மங்கிய பார்வை அறுவைக்குப் பின் திரும்பிவிட்டது. மேல்வெட்டு போட்டது இதை எழுதுபவரின் கை. மூன்றாம் மாதம் வந்தவர் சொன்னார்: “கண்ணு நல்லாத் தெரியுது சார். மாவு புளிச்சிருக்கா இல்லையான்னுதான் தெரியல. பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்றேன்.” கேஸ் ஷீட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டியாயிற்று. அறுவைக்கு முன் அவருக்கு வாசனை தெரிந்ததா என்று யாரும் கேட்டு எழுதியிருக்கவில்லை. அவருக்குச் சொல்லப் பதிலும் இல்லை.

அதற்குப் பிறகு இதை எழுதுபவரின் மேசை இழுப்பறையில் எப்போதும் இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்றில் காபித்தூள், ஒன்றில் சாக்கரின். காபித்தூள் எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. மூக்குக்குள் புடைத்திருக்கும் கீழ் டர்பினேட்டின் முன்பக்கம் கடுகளவு சாக்கரின் வைத்தால், நல்ல மூக்கில் கால் மணி நேரத்துக்குள் தொண்டையில் இனிக்கும். சளியைத் தள்ளும் நுண்ரோமங்கள் அடிபட்டிருந்தால், அரை மணி ஆனாலும் இனிக்காது. சைனஸின் அடியில் எவ்வளவு பெரிய துளை போட்டாலும், சளி அதைத் தாண்டி இயற்கையான வாயை நோக்கியே ஏறிப்போகும் என்று கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்க்ளிங்கர் கண்ணால் பார்த்துச் சொன்னதும் இந்த ரோமங்களின் வேலையைத்தான். இவ்வளவு நடக்கும் இடத்துக்குப் பாதை என்று பெயர் வைத்தால் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

கட்டுரையில் வரும் 46 வயதுக்காரர் அடுத்த முறை வரும்போது கண்ணைக் கட்டி, ஒவ்வொரு துளையிலும் தனித்தனியே காபித்தூளைக் காட்டித் தம்பி கேட்கட்டும். எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால் போதும்.