ஐந்தாவது கணினி

மனிதர் ஒவ்வொரு முறையும் கட்டளையிடாமல், நிலைமையைப் பார்த்துத் தானே முடிவெடுத்து இயங்கும் நிரலை மென்பொருள் முகவர் என்பர். ஒரே வேலையைப் பல முகவர்களிடம் ஒப்படைத்து, அவற்றின் விடைகள் முரண்பட்டால் எதை ஏற்பது? பெரும்பான்மை வாக்கே எளிய வழி.

கணக்கை நாமே செய்து பார்க்கலாம். 'ஆம்' அல்லது 'இல்லை' என விடை கூறும் ஒரு முகவர் நூற்றுக்கு 80 தடவை சரியாகச் சொல்கிறது என்போம். அத்தகைய மூன்றுள் இரண்டேனும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 0.512 + 0.384 = 0.896. அதாவது, 80 ஏறத்தாழ 90 ஆகிறது. பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ 1785இல், சபைகள் எடுக்கும் முடிவுகளை ஆராய்ந்து எழுதிய நூலின் அடிப்படையும் இதுவே.

ஆனால் இக்கணக்குச் செல்லுபடியாக, ஒருவரின் பிழை மற்றவரைச் சாராதிருக்க வேண்டும். பார்த்தெழுதிய மூன்று கொப்பிகளிலும் ஒரே பிழை இருப்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்! அங்கே மூன்று வாக்குகள் இல்லை, ஒன்றுதான்.

அமெரிக்க விண்வெளி ஓடத்தை வடிவமைத்தவர்கள் இதை உணர்ந்திருந்தனர். அதில் ஐந்து கணினிகள் இருந்தன. முக்கிய கட்டங்களில் நான்கு ஒரே மென்பொருளை இயக்கித் தம் விடைகளை ஒப்பிட்டுக்கொள்ளும். ஒன்று மாறுபட்டால் மற்றவை அதற்கெதிராக வாக்களிக்கும்; வீரரின் முன்னுள்ள பலகையில் விளக்கு எரியும். அதை நிறுத்துவது வீரரின் பொறுப்பு. கருவி பழுதாவதற்கு இது போதும். மென்பொருளிலேயே பிழையிருந்தால்? நான்கும் ஒருமனதாகத் தவறும். ஆகவே ஐந்தாவது கணினிக்கு வேறொரு குழு தனியாக மென்பொருள் எழுதியது.

வேறுபாட்டுக்கு விலையும் உண்டு. 1981 ஏப்ரல் 10இல் முதற் பயணம் தடைப்பட்டது, ஐந்தாவது கணினி மற்ற நான்குடனும் நேரம் ஒத்துப்போகாததால். இரண்டு நாள் கழித்தே கொலம்பியா புறப்பட்டது. அந்த விலை கொடுக்கத் தக்கதே என்பது என் கருத்து.

இன்று பாடத்தில் ஐயம் வந்தால் மூன்று செயலிகளிடம் கேட்கும் மாணவியர் உளர். மூன்றும் ஒன்றையே சொன்னால் பெற்றோரும் திருப்தியடைகின்றனர். பெயர் வேறானாலும், உள்ளே இயங்குவது ஒரே மாதிரியாக இருக்கலாம். வேறு வேறாயினும் ஒரே இணையப் பக்கங்களிலிருந்து கற்றிருக்கலாம். அவற்றுக்கெதிரே பாடநூலைத் திறந்து வைத்தால், அதுவே உங்கள் ஐந்தாவது கணினி.