படிக்கப் பிடிக்காத நேரத்தில் என்ன செய்கிறாய்?

மறையூரிலிருந்து உடுமலைக்கும் மூணாறுக்கும் கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு மாலையில் நான் பாடம் சொல்லித் தருகிறேன். பெற்றோர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை இதுதான்: "பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினான் சார். இப்போது புத்தகத்தையே தொடுவதில்லை." சோம்பல் என்று முடிவு கட்டி, படிப்பை நிறுத்திக் கரும்புக் காட்டுக்கு அனுப்பிவிடுவோரும் உண்டு.

பள்ளியில் ஆசிரியரும் பெற்றோரும் ஊக்கம் ஊட்டுகிறார்கள். கல்லூரியில் மாணவரே அதைப் பேணிக்கொள்ள வேண்டும். நம் வெல்ல ஆலையில் அடுப்பைக் கவனிப்பவர், தீ தணிந்தால் சக்கையைத் தள்ளுகிறார், மிஞ்சினால் நிறுத்துகிறார். படிப்புக்கும் அப்படியொரு கைப்பழக்கம் உண்டு. அதை அளக்கவும் முடியும்.

அமெரிக்கக் கல்வி உளவியல் அறிஞர் கிறிஸ்டோபர் வோல்ட்டர்ஸ், 1998-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் இதையே கேட்டார்: பாடம் கடினமாக, சலிப்பாக, பயனற்றதாகத் தோன்றினால் என்ன செய்வீர்கள்? சூழலுக்கு ஏற்ப அவர்கள் வெவ்வேறு வழிகளைக் கையாள்வது தெரிந்தது. 2013-இல் பென்சன் என்பவருடன் வெளியிட்ட ஆய்வில் அவ்வழிகளை ஆறாக வகுத்தார். அந்த ஆறையும் நம் பிள்ளைகளுக்கேற்ப என் சொற்களில் தருகிறேன்.

ஒவ்வொன்றுக்கும் 1 (ஒருபோதும் இல்லை) முதல் 5 (எப்போதும்) வரை மதிப்பெண் இடுக.

1. பாடத்தை என் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பேன். (சந்தை பற்றிப் படிக்கையில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தின் விலையை நினைப்பதுபோல.)
2. நல்ல மார்க் வாங்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.
3. முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.
4. சலிப்பான பாடத்தை விளையாட்டாக மாற்றிப் படிப்பேன்.
5. இத்தனை பக்கம் முடித்தால்தான் கிரிக்கெட், செல்போன் என்று எனக்கே நிபந்தனை வைப்பேன்.
6. தொந்தரவில்லாத இடத்தையும் நேரத்தையும் தேடிக்கொள்வேன்.

கூட்டுத்தொகை முக்கியமில்லை. எந்த வரியில் 1 விழுந்தது என்று பாருங்கள். என் மாணவி ஒருத்தி இரண்டாவதற்கு 5, ஆறாவதற்கு 1 இட்டாள். பரீட்சை நெருங்கினால் மட்டுமே படிப்பாள். வீட்டில் தொலைக்காட்சி ஓடும் அறையில்தான் அவள் புத்தகமும் இருந்தது. காலை ஐந்து மணிக்கு அடுக்களைத் திண்ணையில் உட்காரச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து மீண்டும் எழுதியபோது, ஆறாவது வரியில் 4 இட்டாள்.

ஓர் எச்சரிக்கை. இது மாணவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் கணக்கு. அப்பா பார்ப்பார் என்றால் எல்லாவற்றுக்கும் 5 விழும். ஆகவே தாள் பிள்ளையிடமே இருக்கட்டும். அண்ணன், தங்கையோடு ஒப்பிடவும் வேண்டாம்.

பெற்றோர்களே, படிப்பை நிறுத்துமுன் இந்தத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். மார்க்கைக் கேட்கும் அதே வாயால், தலைப்பில் உள்ள கேள்வியையும் அன்பாகக் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில் எந்த வழி விடுபட்டிருக்கிறதோ, அங்கிருந்து தொடங்கலாம்.