குடிநீர்க் குழாயில் காரீயம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளை நம்பி மணிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் வாடகைக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. வீடு கட்டுவோர் குழாய்ச் சாமான் கேட்டு நம் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். "சொட்டாமல் இருந்தால் போதும், விலை குறைவாகப் பார்த்துக் கொடுங்கள்" என்பார்கள். அந்தக் குழாய் தண்ணீரில் எதைக் கலக்கிறது என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. கடைசலில் சுலபமாக வெட்டுப்படுவதற்காக அதில் கொஞ்சம் காரீயமும் சேர்ப்பது உண்டு. பழைய சாமான்களை உருக்கி வார்த்த மலிவுக் குழாயில் அது எவ்வளவு என்று வார்த்தவருக்கே தெரியாது. பி.வி.சி. பைப்பில், தயாரிப்புச் சூட்டில் பிளாஸ்டிக் சிதையாமலிருக்கக் காரீய உப்புகளைச் சேர்த்து வந்தார்கள். இதைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் தனி விதிகளே கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2014-க்கு முன்பு 8 சதவீதம் வரை காரீயம் இருந்த குழாயையும் 'காரீயமற்றது' என்றே விற்கலாம்! அந்த ஆண்டு முதல்தான், தண்ணீர் படும் பகுதியில் சராசரி 0.25 சதவீதம் என்று குறைத்தார்கள்.

நமது ஐ.எஸ். 10500 தரப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. கரைந்த காரீயத்தை நிறத்தாலோ மணத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அந்தப் பாதிப்பை மருந்தால் சரிசெய்ய இயலாது.

இரவு முழுதும் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரில்தான் அதிகம் கரையும். ஆகவே அதிகாலையில் கடை திறக்கும் டீக்கடை, மெஸ் அன்பர்கள் முதலில் வரும் தண்ணீரைப் பாத்திரம் கழுவவோ வாசல் தெளிக்கவோ பிடித்துக்கொண்டு, பிறகு வருவதைப் பாய்லரில் ஊற்றலாம். கீசர் சுடுநீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். சூட்டில் காரீயம் கூடுதலாகக் கரையும்.

ஹார்டுவேர் கடைக்காரர்கள் குடிநீருக்கு ஐ.எஸ். 4985 முத்திரையுள்ள பைப்பையே கொடுக்க வேண்டும். வயலுக்கென்று வாங்கி வைத்த சாதா பைப்பை வீட்டுக்குத் தள்ளிவிடக்கூடாது. மொத்த வியாபாரியிடம் முத்திரை விவரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நாளை கேள்வி வந்தால் நம் கையில் இருப்பது அந்தப் பில் மட்டுமே.

பாத்திரக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் காரீயம் வெள்ளீயத்தைவிட மிக மலிவு. சொம்பு வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலைக்கு வந்தால், புளி கரைத்து ஊற்றும் பாத்திரம் அது என்பதை நினைத்து, சோதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.