கணித மன்றம் உங்கள் பொறுப்பில் வந்தால்

நீலகிரி மாவட்டத்துப் பள்ளியொன்றில் கணித மன்றப் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்களா? வகுப்பறைக்குள் போகும் முன் ஸ்டாஃப் ரூமைக் கவனியுங்கள். "எனக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாது" என்று மற்றப் பாட ஆசிரியர்கள் பிள்ளைகள் காதுபடச் சிரித்துக்கொண்டே சொல்வது பல பள்ளிகளில் சகஜம். கேட்கிற ஆறாம் வகுப்புக் குழந்தை என்ன நினைக்கும்? டீச்சருக்கே வரவில்லை, அவர் நன்றாகத்தானே இருக்கிறார், நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்? வாரம் முழுக்க நீங்கள் நடத்திய பாடத்தை அந்த ஒரு வரி கரைத்துவிடும். பள்ளி முழுக்கக் கணக்கின் மேல் ஆசை வர வேண்டுமானால், சக ஆசிரியர்கள் உங்கள் பக்கம் வந்தாக வேண்டும்.

அவர்களுக்கு அறிவுரை சொல்லாதீர்கள். அவரவர் பாடத்துக்குள் இருக்கும் கணக்கைக் கேட்டுக்கொண்டு போய் நில்லுங்கள். "ஐயா, ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு என்று ஏன் இரட்டித்துக்கொண்டே போகிறது?" என்று தமிழாசிரியரிடம் கேளுங்கள். ஓர் இடத்துக்கு நேர், நிரை என்று இரண்டு வாய்ப்பு. இடம் ஒன்று கூடினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். தேமா, புளிமா மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு அடுக்குகளும் அங்கேயே புரிந்துவிடும். உடற்கல்வி ஆசிரியரிடம் ஓடுபாதை இருக்கிறது. பாதையின் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்று ஓட்டத்தில் அடுத்த பாதைக்காரர் ஏழு மீட்டருக்கு மேல் முன்னே நிற்க வேண்டும். பள்ளியின் சின்ன மைதானமானாலும் ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானமானாலும் இந்த இடைவெளி மாறாது. ஏன்?

வாரம் ஒரு கேள்வி போதும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தப் பாட ஆசிரியரே அதைக் கேட்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை விடை சொல்லும் உரிமையும் அவருக்கே. கணக்கு வராது என்று சொல்லிவந்தவர் பிள்ளைகளின் விடைகளைத் திருத்த உட்காரும்போது பாதி வேலை முடிந்துவிடும்.

மலைப் பள்ளிக்கு வாய்த்த பாக்கியம், கேள்விகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சமூக அறிவியல் ஆசிரியருக்கு மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி உதகையில் 2,203 மீட்டரைத் தொடும் 46 கிலோமீட்டர் பாதை. 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகை வரையிலும் வண்டி ஓடத் தொடங்கியது. மிகச் செங்குத்தான இடத்தில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அந்தச் சரிவைக் கணக்குப் போடாமல் வரையச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் 30 பாகை, 45 பாகைக்குத் தூக்கி வரைவார்கள். பிறகு டேன் அட்டவணையைத் திறந்தால் ஐந்து பாகைகூட வராது! பாதை முழுவதற்கும் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 25 மீட்டருக்கு 1 மீட்டர்தான். அப்படியானால் செங்குத்து எங்கே ஒளிந்திருக்கிறது? பல்சக்கரம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டும் ஏன்? பத்தாம் வகுப்பு முக்கோணவியலை இந்த ஒரே ரயிலில் பாதி முடித்துவிடலாம். போர்ஷன் முடியவில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: இவை எல்லாமே போர்ஷன்தான்.

அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து போக வேண்டிய இடம் முத்தோரை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காகப் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970-ல் செயலுக்கு வந்த ரேடியோ தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், குறுக்குவெட்டு பரவளையம். உதகை ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. அதே 11 பாகைச் சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, வடக்குத் தெற்காக அதைக் கிடத்தினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். இணைகோடுகள் எதற்கு என்று கேட்ட பிள்ளையை அந்தச் சரிவில் நிறுத்திப் பாருங்கள். அனுமதிக் கடிதத்தைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

பெற்றோரைச் சேர்க்கத் தேயிலையைவிட நல்ல வழி இல்லை. சிறு விவசாயிகளின் பசுந்தேயிலைக்கு மாதாமாதம் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. தூள் விற்ற விலையில் விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்பது அதன் அடிப்படை. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ கொழுந்து வேண்டும். தூள் 120 ரூபாய்க்குப் போனதாக வைத்துக்கொள்வோம். விவசாயியின் பங்கு 78 ரூபாய்; நாலரையால் வகுத்தால் கொழுந்து கிலோவுக்கு 17 ரூபாய் 33 காசு. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பெண் வீட்டில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர் வருவதற்கு வேறு அழைப்பு தேவையில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: வீட்டு வரவையோ கடனையோ எஸ்டேட் சம்பளச் சீட்டையோ வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். எண்களை நீங்களே கொடுங்கள். எந்தப் பிள்ளையும் தன் வீட்டு நிலைமையைக் கரும்பலகையில் பார்க்கக் கூடாது.

மன்றத்துக்கு என்ன வேலை கொடுப்பது? சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். கணித ஆசிரியர் பி.கே. ஸ்ரீனிவாசனின் முயற்சியில், அந்தப் பள்ளியின் நம்பர் ஃபிரண்ட்ஸ் சொசைட்டியும் பழைய மாணவர்களும் சேர்ந்து, ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் திரட்டி 1968-ல் நூலாக வெளியிட்டார்கள். ராமானுஜனைப் பற்றி எழுதுகிறவர்கள் பிற்பாடு தேடிப்போகிற நூலாக அது நின்றது. ஒரு பள்ளி மன்றம் செய்த வேலை! விநாடி வினாவும் வண்ண அட்டையும் தரும் உற்சாகம் ஒரு நாளில் வடிந்துவிடும். வெளியுலகுக்குப் பயன்படுகிற வேலை வருடக்கணக்கில் பிள்ளைகளைப் பிடித்துவைக்கும்.

நீலகிரியில் அந்த வேலை மழைதான் என்பது என் கருத்து. ஒரு மழைமானி வாங்குங்கள். தினமும் காலை எட்டரைக்கு இரண்டு பிள்ளைகள் அளவெடுத்து, வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 200 சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர். கூடலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றோடும் கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றோடும் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூரில் கொட்டுகிறது. கோத்தகிரியில் மழை ஐப்பசி, கார்த்திகையில் வலுக்கிறது. ஒரே மாவட்டத்தின் இரண்டு வரைபடங்களுக்கு இரண்டு வடிவம். சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மார்கழி, தையில் உறைபனி விழுந்த நாட்களையும் குறித்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 22 தேசிய கணித நாள். நம் பள்ளிகளில் அது பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வோடு மோதும். கண்காட்சியைப் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தோடர் பெண் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழையுங்கள். முன்வரைவு இல்லாமல், நூலிழைகளை எண்ணி எண்ணியே பூத்துக்குளி என்னும் தங்கள் போர்வையில் சமச்சீர்க் கோலங்களை எழுப்புகிறவர்கள் அவர்கள். வருகிறவருக்கு மேடையில் நாற்காலியும் உரிய மதிப்பூதியமும் கொடுத்தாக வேண்டும்.

கடைசியாக ஓர் அலுவலக வேலை. மலையில் பணிபுரியும் ஆசிரியர்கள் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிச் சமவெளிக்கு இறங்குவது வழக்கம். உங்களுக்கும் அந்த நாள் வரலாம். மழைமானியையும் மழை அளவுப் பதிவேட்டையும் இப்போதே பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அளவெடுக்கும் இருவரில் ஒருவர் எப்போதும் ஏழாம் வகுப்பாக இருக்கட்டும். அடுத்து வருகிற ஆசிரியர் பொறுப்பேற்கும் அன்று எட்டரை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும்.