சராசரி ஆயுள் 70 என்றால், ரிட்டயர்மென்ட் பணம் 10 வருஷத்துக்குப் போதுமா?

ரிட்டயர்மென்ட் பத்தி எந்த வீடியோ போட்டாலும் இந்தக் கேள்வி வந்துடும்: "இந்தியாவுல சராசரி ஆயுளே 70 தான் சார். 60ல ரிட்டயர் ஆனா, 10 வருஷத்துக்குப் பணம் இருந்தா போதாதா?"

70 என்கிற எண் சரிதான். மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை (எஸ்ஆர்எஸ்) வெளியிட்ட 2016-20 ஆயுள் அட்டவணையில் அப்படித்தான் இருக்கு. ஆனா அது இன்னைக்குப் பிறந்த குழந்தைக்கான எண். 60 வயசுக்காரருக்கானது இல்லை.

ஒரு சின்ன கற்பனைக் கணக்கு. ஐந்து பேரில் ஒருவர் 1 வயதிலேயே இறந்துடறார். மற்ற நாலு பேர் 68, 78, 82, 86 வயது வரை வாழறாங்க. மொத்தத்தைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 63. ஆனா 63 வயசுல இதுல யாருமே இறக்கலை! 60ஐத் தாண்டிய நாலு பேரை மட்டும் எடுத்தா சராசரி 78.5.

நிஜத்திலும் இதேதான். 2020ல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 28 குழந்தைகள் ஒரு வயசுக்குள்ளேயே இறந்தன. இதைத்தான் சிசு இறப்பு விகிதம்னு சொல்றோம். நடு வயசுல விபத்திலும் நோயிலும் போனவங்களும் அந்த 70க்குள்ள இருக்காங்க. நீங்க 60ஐத் தொட்டுட்டீங்கன்னா, அந்த ஆபத்தையெல்லாம் தாண்டிட்டீங்க.

அதே அட்டவணையில் "60 வயதில் எதிர்பார்க்கப்படும் மீதி ஆயுள்" என்று இன்னொரு வரி உண்டு. நமக்கு வேண்டியது அதுதான். சுமார் 18 வருஷம். அதாவது 78. அதுவும் சராசரி தானே, கிட்டத்தட்ட பாதிப் பேர் அதையும் தாண்டுவாங்க. தவிர, இது இன்றைய இறப்பு விகிதத்தை வச்சுப் போட்ட கணக்கு. இனி மருத்துவம் முன்னேறினா அது இதில் சேராது.

பலர் மறந்துடற விஷயம், மனைவி. பெண்களின் ஆயுள் ஆண்களைவிட அதிகம். பெரும்பாலான வீடுகளில் மனைவிக்கு வயசும் குறைவு. உங்களுக்கு 60, அவங்களுக்கு 55ன்னு வைங்க. அவங்க 85 வரை இருந்தா பணம் 30 வருஷம் ஓடணும். இன்னைக்கு மாசம் 30,000 ரூபாய் செலவு, பணவீக்கம் 6%னா, 10 வருஷத்தில் அது சுமார் 53,700. 30 வருஷத்தில் சுமார் 1,72,000!

"பிள்ளைங்க பார்த்துப்பாங்க"ன்னு சொல்றீங்களா? தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 2020ல் 1.4. மக்கள்தொகை குறையாம இருக்கவே 2.1 வேணும். ஒரே பிள்ளை, ஒரே மருமகள், ரெண்டு பக்கமும் சேர்த்து நாலு பெரியவங்க. அவங்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கும், பாவம்.

அதனால கணக்குப் போடும்போது கணவன் மனைவியில் யார் இளையவரோ, அவருக்கு 90 வயசு ஆகற வருஷத்தை எழுதிக்கோங்க. பணம் அதுவரைக்கும் வருதான்னு பாருங்க. ஆன்யுட்டி வாங்கறவங்க, உங்களுக்குப் பிறகு மனைவிக்கும் தொடரும் ஜாயின்ட் லைஃப் வகையா என்று கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க. மாசத் தொகை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.